பழைய காரும் இளைய கைகளும்

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் முதுசங்களுள் வீடும் வளவும் பேசப்படுகின்றன, நகையும் பேசப்படுகின்றது. கொட்டிலில் நிற்கும் பழைய மோட்டார்க் காரைப்பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆயினும், பாட்டனார் வாங்கிய மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ40ஐயோ இன்றும் ஓட்டிவருகின்ற குடும்பங்கள் நம் நாட்டில் உள்ளன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை ஏறியது. விலை ஏறவே, "நல்ல காசுக்குக் கேட்கிறார்கள்; கொடுத்துவிடுவோமா?" என்ற பேச்சும் வீடுகளில் எழுந்தது. உண்மையில் அதற்கு விடை, அந்தக் காரை அடுத்து ஏற்கவேண்டிய பிள்ளையிடமே இருக்கின்றது. பிள்ளைக்கு அதிற் பற்றில்லையேல், இன்று விற்காத கார் நாளை விற்கப்படும். அப்பற்றை ஊட்டுவது எவ்வாறு என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் வேண்டியது கதை. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1906இல் ஸ்மேர்னா நகரிற் பிறந்து, பின்னர் இங்கிலாந்திற் குடியேறியவர். கார் வெளிவரும் தறுவாயில், அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, பாதிகளைச் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குலம் அகன்றதும் வடிவு கைகூடிற்று. 1948இல் இலண்டன் கண்காட்சியில் அது உலகைக் கண்டது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் காரும் அதுவே. அன்று கூட்டிய நான்கு அங்குலத்தின் அடையாளத்தைப் பொனற்றின் நடுவே ஓடும் பட்டியில் இன்றும் காணலாம். அதனைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நம்மூர்க் கதையும் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு யந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயை விடுவர். நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற கார்கள் அவை. இது எவ்வாறு இயலுமாயிற்று? குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியதாயிற்று. பழைய யந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே அவை மண்ணெண்ணெயை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. பௌதிகப் பாடம் படிக்கும் மாணவனுக்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் நாம் அறியோம்.

ஆனால் கதை காதோடு நின்றுவிடும். பற்று கைவழியே வருவது. நாம் அறிந்த ஒரு வீட்டில் தகப்பனார் தம் காரைத் துணியால் மூடிக் கண்போற் காத்தார். பிள்ளைகள் கிட்டப் போனால், "தொடாதே!" என்ற குரல் எழும். அவர் காலமான ஆண்டிலேயே மக்கள் அதனை விற்றுவிட்டனர். அவர்கள்மீது குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வேறொரு வீட்டிற் பன்னிரண்டு வயதுச் சிறுமி, விறாந்தையில் இருந்தவாறே யந்திரத்தின் ஓசையைக் கேட்டு, "அப்பா, ஒரு பிளக் வேலை செய்யவில்லை" என்கிறாள். அவளுடைய தகப்பனார் ஒவ்வொரு வாரமும் அவளைப் பக்கத்தில் நிறுத்தி வேலை செய்பவர். அந்தக் காரின் எதிர்காலத்தைப்பற்றி நமக்கு ஐயமில்லை.

வயதுக்கேற்ற வேலையைக் கொடுத்தல் வேண்டும். ஏழு வயதில் விளக்குகளைத் துடைக்கலாம். பத்து வயதில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை இழுத்துத் துடைத்து, மீண்டும் இட்டு அளவு சொல்லலாம். பதினான்கு வயதிற் பிளக்கைக் கழற்றிச் சுத்தஞ்செய்து, இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்காகச் சரிப்படுத்தலாம். காவலும் வேண்டும்: சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்க விடாதீர், ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே எவரையும் நுழைய விடாதீர்.

"பழைய கார் புகை கக்கும், எண்ணெய் குடிக்கும்; நாளைய பிள்ளைகள் மின்சாரக் காரில் அல்லவா போவார்கள்?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நாள்தோறும் இதில் ஊர்வலம் போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புதிய வாகனத்தின் உட்புறம் மூடிய பெட்டிபோல இருக்கின்றது; பழுதுற்றால் கணினி பொருத்திப் பார்க்கிறார்கள். பழைய காரிலோ எரிபொருள் வரும் வழியையும், பொறி பிறக்கும் இடத்தையும் கண்ணாற் காணலாம். ஒன்று நின்றால் ஏன் நின்றது என்று படிப்படியாகத் தேடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பிள்ளை அங்கேதான் உணர்கின்றது.

எல்லாம் செய்தும் பிள்ளையின் மனம் வீணையிலோ விளையாட்டிலோ செல்லுமாயின், வற்புறுத்தாதீர்கள். பற்றைப் பரிசாகக் கொடுக்கலாம், கடனாக ஏற்றலாகாது. ஆனால் கொடுத்துப் பாராமலே, "இக்காலப் பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை" என்று முடிவு கட்டுவது முறையன்று. வருகின்ற ஞாயிறு காலையில் பொனற்றைத் திறந்து, பிள்ளையின் கையில் ஒரு பழந்துணியைக் கொடுங்கள். விற்பதா வைப்பதா என்பதை அதன்பின் யோசிக்கலாம்.