ரோடு போடுகிறவர்கள் நடக்கிறவர்களைக் கேட்டார்களா?

ராமேசுவரம்-

விடியற்காலை. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த பக்தர்கள் சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு கோவிலுக்கு நடக்கிறார்கள். உள்ளே 22 தீர்த்தம் ஆட வேண்டும். பலர் காலில் செருப்பு கிடையாது. ரோட்டில் எந்த ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது அந்தக் கால்களுக்குத்தான் தெரியும். ஜீப்பில் வந்து பார்த்தால் தெரியுமா?

பாலம் வந்தது, கூட்டமும் வந்தது

1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி பாம்பன் ரோடு பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்தத் தீவுக்கு ரெயில்தான் கதி. இன்று பஸ், வேன், கார் எல்லாம் ஊருக்குள் வந்துவிடுகின்றன. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் 2017-ல் புது ரோடு திறந்தாச்சு. காற்று பலமாக அடித்தால் அந்த ரோட்டில் மணல் ஏறிவிடும்.

இது யார் பள்ளம்?

நடக்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே ரோடுதான். சர்க்கார் கணக்கு வேறு. தேசிய நெடுஞ்சாலை தனி, மாநில நெடுஞ்சாலை தனி, தெரு நகராட்சிக்கு, கிராமத்து ரோடு ஊராட்சிக்கு. விழுந்து எழுந்தவர் முதலில் 'இது யார் பள்ளம்' என்று கண்டுபிடிக்க வேண்டும்!

2023-ல் 'நம்ம சாலை' செயலி வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினால், மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை 24 மணி நேரத்தில் மூடுவதாகக் கெடு சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நெடுஞ்சாலைத்துறை ரோடுகளுக்காக வந்தது. தெருப் பள்ளத்துக்கு?

சபைக்கு வராதவர்கள்

2022 நவம்பர் 1-ந்தேதி, உள்ளாட்சி தினத்தில், தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. வார்டு மக்கள் நேரில் குறை சொல்ல நல்ல இடம். அங்கேயும் ஒரு சிக்கல். வெளியூர் பக்தர் சபைக்கு வரமாட்டார். மீன் கூடை சுமக்கும் பெண்கள் பொழைப்பை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? ரோட்டை அதிகம் மிதிப்பவர்களே கணக்கில் விட்டுப்போகிறார்கள்.

நோட்டும் பேனாவும் போதும்

அவர்கள் வராவிட்டால் அதிகாரிகள் போகட்டும். விடியற்காலை கோவில் தெருவில், படகு கரை திரும்பும் நேரம் மீன் இறங்கும் இடத்தில், பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று பார்க்கட்டும். எங்கே தடுக்குகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே வண்டி மாட்டுகிறது என்று கேட்டு எழுதட்டும். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். பிறகு எஸ்டிமேட் போடட்டும்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும் என்பது ஊரறிந்த விஷயம். அதற்கு முந்தியே கேட்டால், கூட்டம் வருமுன் பள்ளத்தை மூடலாம். விழுந்த பிறகு கேட்டு என்ன பயன்?