ஊர்ப் பெரியவர்களும் ஊர்ப் பிள்ளைகளும்

மலையகத் தோட்டப் பாடசாலையொன்றிலே பயிலும் 13 வயதுச் சிறுமியொருத்தி திடீரென்று வகுப்புக்கு வரவில்லையெனக் கொள்வோம். ஆசிரியர் இடாப்பிலே அடையாளமிட்டுவிட்டு அடுத்த பெயரை அழைக்கிறார். தந்தையின் கடன் எவ்வளவு ஏறியிருக்கிறதென்பது கடை முதலாளிக்குத் தெரியும். தாய் மத்திய கிழக்கிலே வேலை செய்கிறாள் என்பது மருத்துவமாதுக்குத் தெரியும். தரகர் ஒருவர் லயத்துக்கு இருமுறை வந்து போனதைத் தோட்டத் தலைவர் கண்டிருக்கிறார். பிள்ளை கொழும்புக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி கோயிற் பூசாரியாரின் காதுக்கும் எட்டியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டு இருக்கிறது. அவற்றை ஒட்டிப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

நம் நாட்டிலே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1995 இலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுச் சிறுவர் மீதான கொடுமைகள் தனிக் குற்றங்களாக்கப்பட்டன. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றியது. கட்டாயக் கல்வியின் எல்லை 2016 இலே 16 வயதாயிற்று. வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயதோ 2021 வரை 14 ஆகவே இருந்தது. ஒரு சட்டம் பள்ளிக்குப் போவென்றும் மற்றொன்று வேலைக்குப் போகலாமென்றும் சொன்ன விந்தையை என்னென்பது! அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்ட அதே 2021 இலேதான், கொழும்பிலே வீட்டு வேலைக்கிருந்த மலையகச் சிறுமியொருத்தி தீக்காயங்களால் மாண்ட செய்தி நாட்டை உலுக்கியது.

திருவிழாவென்றால் அதிபரும் கிராம உத்தியோகத்தரும் தலைவரும் மாதர் சங்கத்தாரும் ஒன்றாக அமர்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்காகவும் மாதத்தில் ஒரு மணி நேரம் அவ்வாறு அமர்தல் அரிதான காரியமன்று. பங்குத்தந்தையும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் உள்ள ஊராயின் அவர்களையும் அழைத்தல் வேண்டும்.

ஆனால், நாம் அஞ்சுவதொன்றுண்டு. பெரியவர்கள் கூடியதும் ‘பேசித் தீர்ப்போம்’ என்ற பழைய வழக்கம் தலைதூக்கும். வேலிச் சண்டையைப் பேசித் தீர்க்கலாம். பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை அங்ஙனம் தீர்க்கலாமா? குற்றமிழைத்தவர் ஊரிலே மதிப்புள்ளவராயிருப்பார். சிலவேளை அவையிலே அமர்ந்திருப்பவரின் மைத்துனராகவும் இருப்பார். குடும்ப மானமென்றும் பெண்பிள்ளையின் எதிர்காலமென்றும் சொல்லி, சிறு தொகையோடு விடயம் மூடப்படும். அந்தப் பிள்ளையோ மறுநாளும் அதே பாதையிலே அதே மனிதரைக் கடந்துதான் பள்ளிக்குச் செல்ல வேண்டும். இத்தகைய ஒற்றுமை ஊருக்கு வேண்டியதில்லை.

எனவே, விசாரித்துத் தீர்ப்பளிப்பது இக்குழுவின் வேலையன்று. அறிந்ததை உரிய இடத்திலே சேர்ப்பதே அதன் வேலை. பிள்ளையைச் சபையிலே நிறுத்தி நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது மற்றொரு கொடுமை. பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிசாரிடம் சிறுவர் மகளிர் பணியகம் உண்டு. அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே பேசி அழைக்கலாம். குழுவினருள் ஒருவர் மீதே சந்தேகம் விழுமாயின், ஏனையோரின் சம்மதத்துக்குக் காத்திராது எவரும் அழைக்கலாமென்பதை முதல் நாளிலேயே எழுதிவைத்துக்கொள்வது நன்று.

முதற் கூட்டத்துக்கு அதிபர் வரவு இடாப்பைக் கையோடு கொண்டுவரட்டும். ஒரு வாரத்துக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயர்களை வாசித்து, யாருடைய வீட்டுக்கு எவர் செல்வதென்று அங்கேயே பங்கிட்டுக்கொள்ளட்டும்.