தராசுக்கு முத்திரை உண்டு; ஸ்கேனுக்கு?

கொழுந்துத் தராசின் சூழ்ச்சியை மலையகத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சாக்கின் எடை என்றும் ஈரம் என்றும் கிலோக்களைக் கழித்துவிட்டு, எஞ்சியது போதாதென்று அரைப்பேர் போடும் அநீதியை எதிர்த்து எமது தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் குரலெழுப்பி வந்திருக்கின்றனர். தராசு பிழைத்தால் கண்ணாற் காணலாம், கணக்கப்பிள்ளையோடு வழக்காடலாம். அதே தாய் கருவுற்று ஸ்கேன் அறைக்குள் நுழைந்தால், அவளது சிசுவை அளக்கும் கருவி சரியா, பிழையா என்று யாரிடம் கேட்பாள்?

தாயின் வயிற்றுக்குள் தராசு வைக்க இயலாது. ஆகவே கேளா ஒலியை உட்செலுத்தி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது கருவி. ஒலி உடலுக்குள் வினாடிக்கு 1540 மீற்றர் செல்லும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. தலையின் அகலம், வயிற்றின் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகியவற்றிலிருந்து சிசுவின் நிறை மதிப்பிடப்படுகின்றது. நீளத்தில் நுழையும் பிழை நிறையில் ஏறத்தாழ மும்மடங்காகும். ஒரு பேச்சுக்கு, கருவி எல்லா நீளங்களையும் நூற்றுக்கு 5 வீதம் கூட்டிக் காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். 2.2 கிலோ சிசு 2.5 கிலோவைத் தாண்டிவிடும்! குறைநிறைக்கு வகுக்கப்பட்ட எல்லையும் 2.5 கிலோவே. வளர்ச்சி குன்றிய சிசு காகிதத்தில் கொழுத்துவிட, தாய் லயத்துக்கு அனுப்பப்படுவாள். குறைநிறைப் பிறப்பு இந்நாட்டிலே தோட்டத்துறையிற்றான் மிகுதி என்பதை அரசாங்கத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வே கூறிற்று.

இன்றைய கருவிகள் அவ்வளவு எளிதில் வழுவுவதில்லை என்பர். இருக்கட்டும். வழுவவில்லை என்பதற்குச் சான்று எங்கே? நாம் வைத்தியர் அல்லர். ஆயினும் சாட்சியின் நம்பகத்தைச் சோதிப்பது எமது தொழில். நல்ல கருவியின் நிறை மதிப்பீடே உண்மையினின்று நூற்றுக்குப் பத்து, பதினைந்து வீதம் விலகக்கூடும் என்பதை வைத்தியர்களே ஒப்புவர். ஏற்கெனவே தடுமாறும் சாட்சிக்கு மேலும் ஒரு பொய்யைக் கற்பிக்கலாமா?

சட்டத்தைப் பாருங்கள். கடைக்காரனின் தராசை 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள் திணைக்களம் சோதித்து முத்திரையிடுகின்றது. எக்ஸ்ரே, சீ.ரி. ஸ்கேன் ஆகியவற்றின் கதிர்வீச்சுக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் உண்டு, உரிமம் வேண்டும். கேளா ஒலியோ அத்தகைய கதிர்வீச்சன்று. அச்சட்டம் அதைத் தீண்டுவதில்லை. தீங்கற்றது என்பதனால் அளவும் சரியென்று ஆகிவிடுமா?

கண்காணிப்புள்ள கருவியே மோசம்போன கதையும் உண்டு. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெயர்பெற்ற சீடார்ஸ் சைனாய் வைத்தியசாலையிலே, சீ.ரி. கருவியின் அமைப்பை மாற்றியபோது நேர்ந்த தவறினால், 200க்கும் மேற்பட்ட நோயாளர் உரிய அளவைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர்வீச்சை ஏற்றனர். பதினெட்டு மாதங்கள் எவரும் அறிந்திலர். ஒரு நோயாளியின் தலைமயிர் உதிர்ந்த பின்னரே 2009இல் குட்டு வெளிப்பட்டது. செல்வம் கொழிக்கும் அந்நகரின் கதி இதுவானால், ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் வெறும் நம்பிக்கை போதுமென்று எவர் சொல்வார்?

2017 மே 12இல் டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மகிழ்ந்தோம்; இன்றும் மகிழ்கின்றோம். அவ்வைத்தியசாலை மீது நாம் குறை சாட்டவில்லை. கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கத் தெரிந்த நாட்டில், ஒவ்வொரு ஸ்கேன் கருவியின் மீதும் அது கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதியை ஒட்டிவைக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாதா என்றுதான் கேட்கின்றோம். அறிந்த இடைவெளியில் நூலிழைகள் பதித்த சோதனைப் பெட்டி ஒன்றின்மேல் கருவியை வைத்து, பத்துச் சென்ரிமீற்றரைப் பத்தென்று காட்டுகின்றதா எனப் பார்ப்பது பெரும்பொழுது பிடிக்கும் காரியமன்று.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. மலையகத்தின் அரசாங்க வைத்தியசாலை ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் எழுதுவோம்: கருவி எப்போது வந்தது, கடைசியாக எப்போது யாரால் அளவு சரிபார்க்கப்பட்டது, பதிவேட்டின் பிரதி எங்கே? பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல அதிகாரிகள் கடமைப்பட்டவர்கள். எழுத அறியாதார்க்கு எழுதிக் கொடுக்கத் தோட்டந்தோறும் இரண்டு ஆசிரியர், ஒரு வழக்கறிஞர் முன்வரவேண்டும். வரும் பதில்களை, வராத பதில்களையும், ஊர் ஊராகப் பெயர் குறித்து இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.