உடம்பு எப்படி இருக்கும்? குச்சி குலுக்கிக் கேட்கும் ஹாங்காங்!

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் உள்ள வோங் தாய் சின் கோயிலுக்குள் நுழைந்ததுமே 'கடகட'வென ஒரு சத்தம் காதில் விழும். மண்டியிட்ட பக்தர்கள் மூங்கில் குவளைகளைக் குலுக்கும் சத்தம் அது. குவளைக்குள் 1 முதல் 100 வரை எண் போட்ட 100 குச்சிகள் இருக்கும்.

மனதில் ஒரே ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு, குவளையைச் சாய்த்துக் குலுக்க வேண்டும். வெளியே விழும் குச்சிதான் சாமி சொல்லும் பதில். கன்டோனீஸ் மொழியில் இதற்கு 'காவ் சிம்' என்று பெயர். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பாட்டு உண்டு. 'மிக நல்லது' முதல் 'மோசம்' வரை தரமும் உண்டு. பக்கத்துக் கடைகளில் இருக்கும் குறி சொல்பவர்கள் அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

வியாபாரம், கல்யாணம், பயணம் என்று எல்லாவற்றுக்கும் குச்சி எடுக்கிறார்கள். உடம்பைப் பற்றிக் கேட்பவர்களும் நிறைய. 'அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா?', 'இந்த வலி எப்போது தீரும்?' என்ற கவலையோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பொதுவானதுதான். பொறுமையாக இருங்கள், நன்றாக ஓய்வெடுங்கள், நல்ல வைத்தியரைப் பாருங்கள் என்ற மாதிரி. இதைக் கேட்டு யாருக்கும் கெடுதல் வந்துவிடாது.

மருந்துக்கும் ஒரு குச்சி!

இந்தக் கோயிலின் கதையே மருந்துக் கடையில்தான் தொடங்குகிறது. வோங் தாய் சின் ஆடு மேய்த்த சிறுவன், பிறகு சித்தராகி நோய் தீர்த்தவர் என்பது ஐதீகம். 1915-ல் அவருடைய படத்தைக் குவாங்டொங்கிலிருந்து கொண்டுவந்த ஒரு தந்தையும் மகனும், வான் சாய் பகுதியில் தாங்கள் நடத்திய மூலிகைக் கடையில் வைத்துக் கும்பிட்டார்கள். மருந்து வாங்க வந்தவர்களும் சாமி கும்பிட ஆரம்பித்தார்கள். 1921-ல் இப்போதைய இடத்தில் கோயில் எழும்பியது.

அந்தக் காலத்தில் இங்கே 'மருந்துக் குச்சி'களும் இருந்தன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், கண் நோய், வெளிக்காயம் என்று தனித்தனிப் பிரிவுகள். விழுந்த எண்ணுக்கு என்ன மூலிகைப் பட்டியலோ, அதைக் கடையில் கொடுத்து மருந்து வாங்குவார்கள்.

டாக்டருக்குப் பணம் கொடுக்க முடியாத ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால், ஒரே தலைவலிக்குப் பத்துக் காரணம் இருக்கும். குச்சி நாடி பிடித்துப் பார்க்காது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்காது. சீன மருத்துவத்தில் பயன்படும் நாபி வகைக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாக ஊறவைத்து, கொதிக்கவைத்துச் சுத்தி செய்யாவிட்டால் இதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். இன்றைய ஹாங்காங் சட்டம் 31 சரக்குகளை நச்சுத்தன்மை உள்ளவை என்று பட்டியல் போட்டு, அவற்றின் விற்பனைக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

கோயிலை நடத்தும் சிக் சிக் யுவென் அமைப்பும் குச்சியோடு நின்றுவிடவில்லை. 1924-லேயே இலவச மூலிகை வைத்தியசாலையைத் தொடங்கிவிட்டது.

83-ஆம் எண் குச்சி

ஹாங்காங்கில் ஊருக்கே குச்சி எடுக்கும் கோயில் ஒன்றும் இருக்கிறது. ஷா டின் பகுதியில் உள்ள சே குங் கோயில் அது. முன்னொரு காலத்தில் கொள்ளைநோயை விரட்டிய தளபதி என்று சே குங்கை மக்கள் கும்பிடுகிறார்கள். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளில் ஒரு முக்கியப் பிரமுகர் இங்கே ஹாங்காங்குக்காகக் குச்சி எடுப்பார்.

2003-ல் எடுத்தவர் அரசின் உள்துறைச் செயலர் பேட்ரிக் ஹோ. அவர் ஒரு கண் மருத்துவரும்கூட. வந்தது 83-ஆம் எண், மோசமான குச்சி. சில வாரங்களிலேயே சார்ஸ் நோய் ஹாங்காங்கைப் பிடித்துக்கொண்டது. 1,755 பேருக்குத் தொற்று, 299 பேர் பலி. அதே ஷா டின்னில் இருக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் டாக்டர்களும் நர்ஸுகளுமே படுக்கையில் விழுந்தார்கள்.

'குச்சி அன்றைக்கே சொல்லிவிட்டதே' என்று இன்றும் பேசுகிறார்கள். மோசமான குச்சி வந்தும் ஒன்றும் நடக்காமல் போன சமயங்களை யாரும் இப்படி ஞாபகம் வைத்திருப்பதில்லை. சரி, சொன்னது என்றே வைத்துக்கொள்வோம். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லையே!

அதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் வீடு வீடாக ஏற வேண்டியிருந்தது. அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்திருந்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியில் குழாய் 'யு' மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுநீர்க் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பல வீடுகளில் தரையைத் துடைத்துவிடுவதோடு சரி, தண்ணீர் ஊற்றுவதில்லை. அதனால் வளைவு காய்ந்துபோய், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் கிருமி உள்ளே வந்திருக்கலாம் என்று ஆய்வு சொன்னது. 'வாரம் ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்' என்று ஹாங்காங் அரசு இன்றும் மக்களுக்கு நினைவுபடுத்துகிறது.

குச்சி எடுப்பவர்கள் கவனத்துக்கு...

இப்போது செல்போனிலேயே குச்சி குலுக்கும் ஆப்கள் வந்துவிட்டன. சுற்றுலா போகும்போது கோயிலிலும் ஒருமுறை குலுக்கிப் பார்க்கத் தோன்றும். தாராளமாகப் பாருங்கள். இந்த மூன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

* நல்ல குச்சி வந்துவிட்டது என்று பி.பி., சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
* மோசமான குச்சி வந்தால் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் ஏதாவது தொந்தரவு இருந்தால் மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென முகம் கோணுவது, கை கால் மரத்துப்போவது - இதற்கெல்லாம் குச்சியும் வேண்டாம், நல்ல நேரமும் வேண்டாம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பயந்த மனதுக்குக் குச்சி கொஞ்சம் தெம்பு கொடுக்கலாம். அந்தத் தெம்போடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், குலுக்கியதற்கும் பலன் உண்டு!