நிலம் துடைக்க எந்த மொப்?



வீட்டு வேலைகளில் நிலம் துடைக்கும் வேலைக்கு மட்டும் நன்றி கிடையாது. துடைத்து வைத்தால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் விட்டுவிட்டால் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் நாம் தொழுவதும், பிள்ளை தவழ்வதும், பாய் விரித்துச் சாப்பிடுவதும் அந்த நிலத்தில்தான். ஆகவே மொப்பை அதன் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்காமல், கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும். யோசிக்க வேண்டியவை இரண்டு: நம் வீட்டு நிலம், நம் கிணற்றுத் தண்ணீர்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் காலம் கழித்த குடும்பங்களில் ஒரு பகுதியினர், 2009 இல் யுத்தம் முடிந்த பின் சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்து, இடிந்து கிடந்த வீடுகளை மீண்டும் கட்டினார்கள். கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வோர் அறையாகக் கட்டிய வீட்டில் ஒரே விதமான நிலம் இருக்காது. விறாந்தையில் பழைய சிவப்புச் சீமெந்து, புது அறையில் ‘மாபிள்’ என்று நாம் சொல்லும் டைல்ஸ், குசினியில் பூச்சு முடியாத கொங்கிரீட் என்று கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மொப் சரிவராது.

சொரசொரப்பான சீமெந்துக்கும் கொங்கிரீட்டுக்கும் பருத்தி நூல் மொப் நல்லது. தேய்த்தாலும் எளிதில் கிழியாது, மலிவு. ஆனால் தண்ணீரை நிறையக் குடிக்கும். பிழிய ஆள் பலம் வேண்டும். சரியாகக் காயாவிட்டால் மணக்கும்.

டைல்ஸுக்கும் வழுவழுப்பான சீமெந்துக்கும் மைக்ரோபைபர் துணி பூட்டிய தட்டை மொப் பொருத்தம். பாரமில்லை, கட்டிலுக்கு அடியில் நுழையும், தூசியையும் தலைமுடியையும் பிடித்துக்கொள்ளும். துணியைக் கழற்றிக் கழுவலாம். சொரசொரப்பான நிலத்தில் மட்டும் அதன் இழைகள் சிக்கிக் கிழிந்து போகும். ஸ்பொஞ்ச் மொப்பும் அப்படித்தான். கரடான நிலத்தில் துகள் துகளாக உதிரும்.

வாளிக்குள் சுழற்றிப் பிழியும் மொப், முதுகு வலியும் கை உளைவும் உள்ளவர்களுக்கு உதவி. ஆனால் அதன் பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் முழுதும் வீண். வாங்கும்போதே மாற்றுத் தலை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். குசினிக்கும் குளியலறைக்கும் ரப்பர் வைப்பர் ஒன்று போதும்.

வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய சாரத்தைக் கிழித்து, தடியின் முனையில் குறுக்குக் கட்டை அடித்துச் சுற்றிக்கொண்டால் அதுவும் மொப்தான்.

இனித் தண்ணீர். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணீரே கிணற்றில் ஊறுகிறது. அதனால்தான் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதே சுண்ணாம்பு, துடைத்த டைல்ஸ் காய்ந்ததும் வெள்ளைத் திரையாகத் தெரியும். அழுக்குப் போகவில்லை என்று எண்ணிச் சவர்க்காரத் தூளை அள்ளிப் போடுவோம். கடினத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது. பிசுபிசுப்பாக நிலத்தில் ஒட்டி மேலும் தூசியை இழுக்கும். ஆகவே தூளைக் குறையுங்கள், மொப்பை இறுகப் பிழியுங்கள், கடைசியில் காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். டைல்ஸில் வெள்ளை படிந்துவிட்டால் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து துடைக்கலாம். சீமெந்துக்கும் உண்மையான சலவைக் கல்லுக்கும் வினாகிரி வேண்டாம். புளிப்பு அவற்றை அரிக்கும். அசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நச்சுப் புகை மூச்சை அடைக்கும்.

இன்னொரு முக்கியமான விடயம். குழந்தை நிலத்தில் சிறுநீர் கழித்துவிட்டால், மொப்பை வாளியில் நனைத்துத் துடைத்துவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று அங்கேயே முஸல்லாவை விரிக்கிறோம். நம் ஊரில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீரில் நஜிஸ் பட்டால் அந்தத் தண்ணீரே நஜிஸாகிவிடும். ஒரு வாளித் தண்ணீர் அந்த அளவுக்கு எட்டாது. அந்த மொப்பை மறுபடி வாளியில் தோய்த்து அறை முழுவதும் இழுத்தால், ஓரிடத்தில் இருந்த நஜிஸை வீடெங்கும் பரப்பியதாகும். பள்ளிவாசலில் கிராமத்து அரபி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, அந்த இடத்தில் வாளித் தண்ணீரை ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன சம்பவத்தை நாம் கேட்டிருக்கிறோம். எனவே முதலில் பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, பின்னர் சுத்தமான தண்ணீரை அந்த இடத்தின் மேல் ஓடும்படி ஊற்றி, அதன் பிறகே வைப்பராலோ மொப்பாலோ எடுக்க வேண்டும். இதற்கு ஒரு சிறு குவளைத் தண்ணீர் போதும்.

குளியலறை மொப்பை அறைக்குள் கொண்டு வராதீர்கள். தடியில் வேறு நிற நூல் கட்டி வைத்தால் பிள்ளைகளும் மாற்றி எடுக்கமாட்டார்கள். துடைக்குமுன் கூட்டி எடுங்கள். இரண்டு வாளி வைத்து, ஒன்றில் அலசி மற்றதில் நனையுங்கள். உள் மூலையில் தொடங்கி வாசல் பக்கம் வாருங்கள். வேலை முடிந்ததும் மொப்பை வாளிக்குள் போட்டு வைக்காமல், அலசி, தலை மேலே இருக்கும்படி வெயிலில் நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் கிடைக்காது. அந்த நாட்களுக்கு மாற்றுத் துணி ஒன்று இருந்தால் நல்லது.

கடைசியாக, மொப்பை வாங்குமுன் கையில் தூக்கிப் பாருங்கள். தடி உங்கள் நாடியளவுக்கு வர வேண்டும். குனிந்து துடைக்க வைக்கும் தடி முதுகை முறிக்கும். பிழிந்தால் தண்ணீர் சொட்டாமல் இருக்க வேண்டும். ஈரம் தேங்கிய டைல்ஸில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், வயதான உம்மாவுக்கு அது மாதக் கணக்கில் படுக்கையாகிவிடும். நன்றாகப் பிழிய முடிந்த மலிவு மொப், பிழிய முடியாத விலை கூடிய மொப்பைவிட எவ்வளவோ மேல்.