ஸ்பூன் என்றால் எஸ் போட்ட பூனையா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், போன் செய்ய வேண்டாம்.

ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. பேச்சுக்கு முன்னால் எஸ் போட்டால் ஸ்பீச். பஞ்சுக்கு முன்னால் போட்டால் ஸ்பாஞ்ச். நாகத்துக்குப் போட்டால் ஸ்நேக். மெதுவுக்குப் போட்டால் ஸ்மூத். கடைசியில் 'தமிழனாக இருந்தால் பகிரவும்.' இந்த மாதம் மட்டும் எனக்கு ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நான்கு பேர் என்னிடம் ஆங்கிலம் படித்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பீச்சை எடுத்துக்கொள்வோம். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது 'ஸ்ப்ரேச்' போல இருந்தது, நடுவில் ஒரு ர ஒலியோடு. பிறகுதான் ர உதிர்ந்தது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் மொழிக்குப் பெயர் 'ஷ்ப்ராஹ'. பேச்சிலிருந்து வந்தது என்றால் அந்த ர எங்கிருந்து முளைத்தது? ஸ்பாஞ்ச் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. அது கடலில் பிடிக்கும் பிராணி, பருத்திச் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்நேக், ஊர்தல் என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மானிய வேரில் பிறந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாகம் என்பதே வடமொழி வழியாக நமக்கு வந்த சொல் என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. நம் சொந்தச் சொல் பாம்பு, அரவு. நியாயமாகப் பார்த்தால் அவன் 'ஸ்பாம்பு' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு எழுத்தை இஷ்டப்படி சேர்க்கலாம், இன்னொன்றை இஷ்டப்படி விடலாம் என்றால் எதையும் எதனோடும் சேர்த்துவிடலாம். ஸ்பூன் என்பது எஸ் போட்ட பூனை என்று நான் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? திரு, திருடன், திருகாணி, திருநீறு நான்கும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. திருடனுக்குத் திருநீறு சொந்தமா?

ஒரே எழுத்துச் சொற்களை ஒன்றாக அடுக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதை நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதற்கு நான்கு பகுதி. தொடைப் பகுதி முழுக்க எதுகைக்காக அடுக்கிய சொற்கள். பாட்டு எழுதுகிறவனுக்கு அது உதவும். ஆனால் எதுகையில் பொருந்துகிற சொற்கள் எல்லாம் அண்ணன் தம்பி என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

சரி, சொற்களின் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. வேறுபாடு ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் இருப்பவர்கள் கவனியுங்கள். நம் பால் அங்கே ஹாலு. பல், ஹல்லு. பெயர், ஹெசரு. நம் ப அங்கே ஹ ஆகிறது, ஒன்றிரண்டில் அல்ல, வரிசையாக. அந்தக் கணக்கில் பள்ளி என்ன ஆகும்? ஹள்ளி. மாரத்தஹள்ளியில் ஃபிளாட் வாங்கியிருக்கிற நம் மாப்பிள்ளை தினமும் திருச்சிராப்பள்ளியின் வால் பகுதியைச் சொல்லிக்கொண்டுதான் அலுவலகம் போகிறார். செவி அங்கே கிவி, சேரி அங்கே கேரி. முதல் எழுத்து ஒட்டவே ஒட்டாது, ஆனால் ரத்த உறவு. 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய இலக்கணம் இந்த மாதிரி வரிசைகளின் மேல்தான் நிற்கிறது, எஸ் போட்டு ஒட்டிய சொற்களின் மேல் அல்ல.

இனி, ஒரே மாதிரி இருந்தும் உறவில்லாத ஒன்று. 'கேஷ் என்பது நம் காசு' என்று எல்லோரும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று சின்ன நாணயம். கம்பெனிக் காலத்து மெட்ராஸில் 80 கேஷ் ஒரு பணம். அது நம் காசுதான், போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. இன்னொன்று, வங்கி கவுண்டரில் எழுதியிருக்கும் கேஷ். அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, குடும்பம் வேறு.

உண்மையாகவே போன சொற்கள் நமக்குக் குறைவா? கட்டுமரம் 1697-இல் அச்சான டாம்பியரின் கடல் பயண நூலிலேயே இருக்கிறது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' சூப் ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது. நம் ஊர்ச் சுருட்டுக்கு அங்கே 'டிரிச்சினோப்பொலி' என்றே பெயர். 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் குடித்தது டிரிச்சினோப்பொலி என்று ஹோம்ஸ் சொல்கிறார். இந்தச் சொற்களையெல்லாம், யார் எந்த வருடம் எப்படி எழுதினார்கள் என்ற மேற்கோளோடு தொகுத்த அகராதி 1886-இல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். ஆதாரம் என்றால் அது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். இந்தப் பெருமைப் பட்டியல்களில் 'பரையா' என்ற சொல்லும் வருகிறது, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளோடு, பக்கத்தில் ஒரு கைதட்டல் படத்தோடு. அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். பறை என்ற வாத்தியத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். நாம் அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் அந்தப் பெயருக்கு அந்தப் பொருளை எழுதிக்கொண்டான். என் வகுப்பில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்களும் இந்தக் குழுக்களில் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் அது யாருக்கும் தோன்றவில்லையா?

'சார், சின்ன சந்தோஷம், விட்டுவிடுங்கள்' என்று ஒருவன் எழுதியிருந்தான். நம் உறவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பேச்சுப் போட்டியில் இந்தப் பட்டியலை அப்படியே ஒப்பித்தான். நடுவர் திட்டவில்லை, சிரித்தார். அதன் பிறகு அவன் கட்டுமரம் பற்றிச் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை. இறங்கி வந்து, 'தாத்தா, அப்பாதான் கொடுத்தார்' என்றான். அந்த அப்பாவும் என் மாணவன்தான். 'அகராதி பார்த்தாயா?' என்று நான் வகுப்பில் நூறு தரம் கேட்டதை அவன் மறந்திருக்க மாட்டான்.

அரிசிதான் ரைஸ் ஆனதா என்று கேட்பீர்கள். அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதத்தில் இருப்பதாகவே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள், குடி முழுகிவிடாது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உறையூரில் சுருட்டு சுற்றிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் படித்தார்கள். இலையைப் பதப்படுத்துவதற்கு, நரம்பு எடுப்பதற்கு, சுற்றுவதற்கு, கட்டுக் கட்டுவதற்கு உங்கள் வீட்டில் என்னென்ன சொன்னார்கள்? பாட்டி, தாத்தா இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். சொல், பொருள், சொன்னவர் வயது மூன்றையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். தட்டச்சு வராவிட்டால் குரல் பதிவு போதும், நான் எழுதிக்கொள்கிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மடைப்பள்ளிச் சொற்களை அனுப்பலாம். எஸ் சேர்க்காமல்.