அந்த நேரம் யாருடையது?

மாற்றுப் பரீட்சை எண்டால் லேசான பரீட்சை என்றுதான் நாங்களும் நினைச்சிருந்தம். அதை நடத்துற ஆசிரியருக்கு அது லேசே இல்லை.

அமெரிக்காவில் பொதுப் பரீட்சை எழுதமுடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு மாற்று மதிப்பீடு வேண்டும் என்று 1997இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம். அதுவரை கணக்கிலேயே வராத பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கை எழுதுறது யார்? மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல வருடங்களாக இது ஒருநாள் பரீட்சையாக இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வேலை மாதிரிகளையும் முன்னேற்றப் பதிவுகளையும் மாதக்கணக்கில் சேர்த்து, ஆசிரியரே கோப்பாக்க வேண்டியிருந்தது. வேறு மாநிலங்களில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக இருந்து கேள்வி கேட்கவேணும். அந்த நேரம் வகுப்பில் மிச்சப் பிள்ளைகளை யார் பார்க்கிறது? பாடவேளைக்குள் முடியாத கோப்பு எங்கே முடியும்? வீட்டில், இரவில், சம்பளம் இல்லாமல்.

கேட்டால், “பிள்ளைகளுக்காகத்தானே” என்பார்கள். இந்தக் கதை எங்களுக்குப் புதுசில்லை. 2021இல் சம்பள முரண்பாட்டுக்காக எங்கட ஆசிரியர்கள் மாதக்கணக்கில் போராடினபோதும் ‘சேவை’ என்ற சொல்லைத்தான் அவர்களுக்கு நேரே நீட்டினார்கள்.

பரீட்சையை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. பரீட்சை நாட்களில் வகுப்புக்குப் பதில் ஆசிரியர், கோப்பு வேலைக்கு ஒதுக்கிய நேரம், மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு: இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பரீட்சையின் செலவு. களைச்சுப்போன ஆசிரியர் அவசரத்தில் நிரப்புற கோப்பில் குறையப்போவது பிள்ளையின் உரிமைதான்.